கிராண்ட் கேன்யன் அடியில் தங்குவது: கேபினா, கூடாரமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யனை மேலே விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நடந்தே கீழே இறங்கி, கொலராடோ ஆற்றங்கரையில் ஓர் இரவாவது தங்கவேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இது: அங்கே இருக்கும் கேபினில் படுக்கை எடுப்பதா, கூடாரத்தைச் சுமந்துகொண்டு போவதா? நான் முதல் தடவை கேபினில் தங்கினேன், அடுத்த தடவை கூடாரத்தில். அதற்குப் பிறகு நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களோடு சேர்த்திருக்கிறேன்.

கீழே தங்க என்னென்ன இடங்கள் இருக்கின்றன?

கூரைக்குக் கீழே தூங்கவேண்டுமென்றால் ஃபான்டம் ரேஞ்ச் ஒன்றுதான். மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922இல் திறக்கப்பட்ட சின்னக் குடியிருப்பு அது. அங்கேயே கிடைத்த கல்லையும் மரத்தையும் கொண்டு கட்டிய கேபின்கள், நடுவில் ஒரு கேன்டீன், பக்கத்தில் ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடை. அவ்வளவுதான்.

கூடாரம் போட, அதே ஓடைக்கரையில் பிரைட் ஏஞ்சல் முகாம் இருக்கிறது. ஃபான்டம் ரேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. தெற்கு விளிம்புக்கும் ஆற்றுக்கும் பாதி வழியில் ஹவாசுபாய் கார்டன்ஸ் முகாம் உண்டு. பழைய வழிகாட்டிகளில் இந்தியன் கார்டன் என்று பார்த்தால் குழம்பவேண்டாம், 2022இல்தான் பெயரை மாற்றினார்கள். வடக்கு விளிம்புப் பாதையில் போகிறவர்களுக்குக் காட்டன்வுட் முகாம்.

ஒரே நாளில் இறங்கி ஏறிவிட்டால் இந்தக் கேள்வியே வராதே?

தயவுசெய்து அப்படித் திட்டம் போடாதீர்கள். தெற்கு விளிம்பிலிருந்து ஆற்றுக்குப் போகும் தெற்கு கைபாப் பாதையில் இறக்கம் சுமார் 11 கி.மீ., திரும்பி வரும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏற்றம் சுமார் 15 கி.மீ., உயரம் மட்டும் 1,300 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்பவேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே பாதை முழுக்க எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறது. மலையேறும்போது களைத்துப்போனால் அங்கிருந்து இறங்கத்தான் வேண்டியிருக்கும். இங்கே அது தலைகீழ். உடம்பு தெம்பாக இருக்கும்போது இறங்குவீர்கள், களைத்த பிறகு ஏறுவீர்கள்.

சரி, கேபினா கூடாரமா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

படுக்கை எடுத்தால் முதுகுச் சுமை குறையும். கூடாரம் எடுத்தால் ஏற்றம் குறையும். உங்களுக்கு எது குறையவேண்டும் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பெரும்பாலானவர்கள் இதை வசதி சம்பந்தப்பட்ட கேள்வியாக நினைக்கிறார்கள். மெத்தையா, தரையா? வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? கீழே இருக்கும் இரவு நேரத்துக்கு அது சரிதான். ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே சிரமம் தரப்போவது அந்த இரவு இல்லை, மேலே ஏறி வரும் நாள். முடிவை அந்த நாளிலிருந்து பின்னோக்கி யோசித்து எடுங்கள்.

கூடாரம் கொண்டுபோனால் எவ்வளவு எடை கூடும்?

என் பையைச் சமையலறைத் தராசில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். கூடாரம் 2 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1 கிலோ, விரிப்பு அரைக் கிலோ, அடுப்பும் கேஸும் பாத்திரமும் சேர்ந்து முக்கால் கிலோ, இரண்டு நாள் சாப்பாடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஆக, கிட்டத்தட்ட 6 கிலோ. கேபினில் தங்கினால் இதில் எதுவுமே வேண்டாம். மாற்றுத் துணி, தின்பண்டம், தண்ணீர், டார்ச், மருந்து போதும்.

6 கிலோ என்பது வீட்டில் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்றாவது மணி நேர இறக்கத்தில் முழங்காலுக்குத்தான் அதன் கனம் தெரியும். தெற்கு கைபாப் பாதையில் மண் அரிக்காமல் இருக்கக் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்துப் படி மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் முழு எடையும் முன்காலில் இறங்கும். அன்று மாலை முகாமில் ஊன்றுகோல் இல்லாமல் வந்தவர்கள் கக்கூஸ் வரை போவதற்கே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். ஊன்றுகோல் இரண்டு, கட்டாயம்.

கூடாரம் ஏற்றத்தைக் குறைக்கும் என்றீர்களே, எப்படி?

கேபின் ஆற்றங்கரையில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே தங்கினால் மறுநாள் ஒரே மூச்சில் விளிம்பு வரை ஏறியாகவேண்டும். கூடாரம் இருந்தால் ஹவாசுபாய் கார்டன்ஸில் இன்னோர் இரவு தங்கி, ஏற்றத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆற்றிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். அங்கிருந்து விளிம்புக்கு 7 கி.மீ., இன்னும் 900 மீட்டர் சொச்சம்.

கேபினில் தங்கிய தடவை, பை லேசாக இருந்தும் ஏற எனக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை பிரமாதமாகப் போனேன். அதற்கு மேலே ஜேக்கப்ஸ் லேடர் என்று வளைந்து வளைந்து ஏறும் பகுதி ஒன்று வருகிறது. அங்கே தொடங்கியது வேதனை. நிமிர்ந்து பார்த்தால் விளிம்பு பக்கத்தில் இருக்கிற மாதிரியே தெரியும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே தூரத்தில்தான் நிற்கும். கடைசி 5 கி.மீ. மட்டும் மூன்றரை மணி நேரம்.

கூடாரத்தோடு போன தடவை காலை ஐந்து மணிக்கு ஆற்றங்கரையை விட்டேன். டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ என்கிற கொண்டை ஊசி ஏற்றத்தை வெயில் தொடுவதற்கு முன்பே தாண்டியாயிற்று. ஒன்பது மணிக்கெல்லாம் ஹவாசுபாய் கார்டன்ஸில் மர நிழலில் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டேன். சாயங்காலம் பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு பிளாட்டோ பாயின்ட் வரை நடந்தேன், ஒரு பக்கம் 2.4 கி.மீ. அங்கே பாறையின் ஓரத்தில் நின்றால் நேர் கீழே 400 மீட்டர் ஆழத்தில் ஆறு. முந்தின ராத்திரி காதை அடைத்த அந்த இரைச்சல் மெல்லிய மூச்சு மாதிரி மேலே வந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் ஏறுகிறவர்கள் அந்த இடத்தின் திருப்பத்தைப் பார்ப்பார்கள், ஆனால் திரும்பிப் போய்வரத் தெம்பு இருக்காது. மறுநாள் விடியுமுன் கிளம்பி, பத்து மணிக்கு விளிம்பில் இருந்தேன்.

அதனால்தான் இரண்டு இரவு ஒதுக்க முடிந்தவர்களுக்குக் கூடாரத்தைத்தான் சொல்வேன். ஓர் இரவுதான் முடியும் என்றால், கிடைத்தால் கேபின்.

கேபினுக்குள் என்ன இருக்கும்?

அடுக்குக் கட்டில், விரிப்பு, போர்வை, துண்டு, குளிர்ந்த தண்ணீர் வரும் ஒரு வாஷ்பேசின், ஒரு கழிப்பறை. வெந்நீரில் குளிக்கத் தனிக் கட்டடத்துக்குப் போகவேண்டும். தொலைக்காட்சி கிடையாது. செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பத்துப் பேர் படுக்கிற டார்மிட்டரிகளும் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அவை எல்லாக் காலத்திலும் திறந்திருப்பதில்லை. ஓட்டல் அறையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். நடந்து வந்த பிறகு பார்த்தால் அந்த வெந்நீர்க் குளியல் ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்று தோன்றும்.

கூடாரக்காரர்களுக்கு அந்தக் குளியலறை கிடையாது. ஓடையில் காலை நனைத்துக்கொள்வதோடு சரி.

முகாம் எப்படி இருக்கும்? கரடுமுரடான காடா?

இல்லை. குடிதண்ணீர்க் குழாய், தண்ணீர் ஊற்றும் வசதியுள்ள கழிப்பறை, ஒவ்வொரு இடத்திலும் ஒரு மேசை, பையைத் தொங்கவிட ஒரு கம்பம் எல்லாம் உண்டு. ஓடையை ஒட்டிய இடம் கிடைத்தால் விடாதீர்கள். இரவெல்லாம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பக்கத்துக் கூடாரத்துக் குறட்டை கேட்காது.

ஒவ்வொரு இடத்திலும் ராணுவத்தில் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டிகள் இருக்கும். சாப்பாடு, பற்பசை, தேங்காயெண்ணெய், வாசனை உள்ள எதுவானாலும் அதற்குள் போட்டுத் தாழ்ப்பாளை அழுத்தி மூடவேண்டும். நான் கூடாரம் போடும் பத்து நிமிடம் முந்திரிப் பொட்டலத்தைப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஓர் அணில், ஜிப்பைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் துணியைக் கடித்து வட்டமாக ஓட்டை போட்டுத் தலையை உள்ளே நுழைத்திருந்தது. விரட்டினால் ஓடவும் இல்லை, வாயில் ஒரு முந்திரியோடு மேசைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அவற்றுக்கு மனிதர்களிடம் பயமே கிடையாது, கடித்தும் வைக்கும். கிட்டே போகவேண்டாம், ஊட்டவும் வேண்டாம்.

விறகு மூட்டுவதற்கு அனுமதி இல்லை, கேஸ் அடுப்பு மட்டும்தான். கொண்டுபோகும் குப்பை முழுவதையும் திரும்ப மேலே சுமந்து வரவேண்டும். அதனால் டப்பாக்களை வீட்டிலேயே பிரித்து, சின்னப் பைகளில் மாற்றிக்கொள்வது நல்லது.

அப்புறம் ஒரு விஷயம். முகாமைச் சுற்றி நிற்கும் கரும்பாறைச் சுவரின் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். வயது சுமார் 175 கோடி ஆண்டுகள். அங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு நில ஆய்வாளர்கள், வழிபாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் இருட்டில் அந்தச் சுவரில் கையை வைத்தபோது, பகல் வெயில் இன்னும் அதில் இளஞ்சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்க மனசு வரவில்லை.

கூடாரத்தில் தங்கிக்கொண்டு கேன்டீனில் சாப்பிடலாமா?

தாராளமாக. நிறையப் பேருக்குத் தெரியாத நடுவழி இது. ஃபான்டம் ரேஞ்சில் காலை உணவு, வழிக்குக் கட்டிக்கொடுக்கும் மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு மூன்றையும் முகாமில் தங்குகிறவர்களும் முன்பதிவு செய்யலாம். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது, முன்கூட்டியே பதியவேண்டும். சைவம் வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு நேரம் அவர்கள் வைத்ததுதான், தாமதமாகப் போனால் காத்திருக்கமாட்டார்கள்.

இப்படிச் செய்தால் அடுப்பு, கேஸ், பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் வீட்டிலேயே இருந்துவிடும். 6 கிலோவில் இரண்டு கிலோவுக்கு மேல் குறையும். சாப்பாடு வேண்டாதவர்களும் பகலில் கேன்டீனுக்குப் போய் எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம். அங்கிருந்து எழுதிப் போடும் தபால் அட்டை, கோவேறு கழுதை முதுகில் மேலே போகும், அதற்கென்று ஒரு முத்திரையும் குத்தி அனுப்புவார்கள்.

கோவேறு கழுதையில் பையை அனுப்ப முடியுமாமே?

முடியும். தனிக் கட்டணம் கட்டினால் 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ வரை ஒரு பையை ஃபான்டம் ரேஞ்ச் வரை கொண்டுபோவார்கள், திரும்பவும் கொண்டுவருவார்கள். முகாமில் தங்குகிறவர்களும் இதைப் பயன்படுத்தலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கூடாரம் சாத்தியமாவதே இதனால்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அந்தச் சேவை ஹவாசுபாய் கார்டன்ஸுக்குக் கிடையாது. ஏற்றத்தை இரண்டாகப் பிரிக்கிறவர்கள் கூடாரத்தைத் தாங்களேதான் சுமக்கவேண்டும். தண்ணீர், உப்பு கலந்த தின்பண்டம், டார்ச், மழைக்கோட்டு நான்கும் எப்போதும் உங்கள் முதுகிலேயே இருக்கட்டும், கழுதையோடு அனுப்பிவிடாதீர்கள்.

பாதையில் கழுதைக் கூட்டம் எதிரே வந்தால் மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி, ஓட்டுகிறவர் சொல்கிறபடி அசையாமல் நிற்கவேண்டும். பள்ளத்தின் பக்கம் ஒதுங்கவே கூடாது.

இடம் பிடிப்பது எப்படி?

கேபினுக்குச் சுமார் 15 மாதங்களுக்கு முன்பே குலுக்கல் நடக்கும். நீங்கள் விரும்பும் தேதிகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். கிடைக்காதவர்கள் மனம் தளரவேண்டாம். ரத்தாகும் இடங்கள் முன்பதிவு இணையதளத்தில் திடீர் திடீரென்று தென்படும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது, தினமும் காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூடாரத்துக்கு பெர்மிட் வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளத்தில், பயண மாதத்துக்கு நான்கைந்து மாதம் முன்பு அதற்கும் குலுக்கல் உண்டு, மிச்சம் இருப்பதைப் பிறகு பொதுவில் விடுவார்கள். கட்டணம் பெர்மிட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று இன்னொன்று. கேபினோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தெற்கு விளிம்பில் உள்ள பெர்மிட் அலுவலகத்தில் கடைசி நேரத்துக்கென்று சில இடங்களை வைத்திருந்து நேரில் வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால் அதை நம்பிப் போகலாம், ஒரே நாள்தான் என்றால் நம்பவேண்டாம்.

பெர்மிட் இல்லாமல் கீழே கூடாரம் போட முடியாது. ரேஞ்சர் வந்து பார்ப்பார்.

எந்த மாதத்துக்கு எது பொருந்தும்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கீழே பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். இருட்டிய பிறகும் பாறை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், கூடாரத்துக்குள் படுக்கவே முடியாது. அந்தக் காலத்தில் பலர் கூடாரத் துணியைப் போடாமல் வலையை மட்டும் போட்டுக்கொண்டு, சட்டையை ஓடையில் நனைத்து உடுத்தித் தூங்குவார்கள். கேபினில் குளிரூட்டி உண்டு. உண்மையைச் சொன்னால், முதல் தடவை போகிறவர்கள் கோடையில் இரண்டுமே வேண்டாம், வேறு மாதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். போயே ஆகவேண்டும் என்றால் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடக்காதீர்கள். பூங்கா நிர்வாகம் சொல்வதும் அதுதான்.

மார்ச் கடைசி, ஏப்ரல், அக்டோபர் கூடாரத்துக்குப் பொன்னான காலம். டிசம்பர், ஜனவரியில் கீழே இரவு பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிற்கும், நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் மேலே விளிம்புக்குப் பக்கத்தில் பாதை பனிக்கட்டியாக உறைந்திருக்கும். ஷூவில் மாட்டும் இரும்புப் பல் பட்டை தேவை. குளிர்காலத்தில் இருட்டும் சீக்கிரம் வந்துவிடும், ஆறு மணியிலிருந்து காலை ஆறு வரை கூடாரத்துக்குள் என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்குக் கேபினும் கேன்டீன் விளக்கும் நல்ல துணை.

தேள், பாம்பு?

உண்டு. தேள்தான் அதிகம். கேபினில் இருந்தாலும் கூடாரத்தில் இருந்தாலும் காலையில் ஷூவைத் தட்டி உதறிவிட்டுப் போடுங்கள், இருட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கூடார ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள்.

ஆற்றில் குளிக்கலாமா?

கொலராடோ ஆற்றில் வேண்டவே வேண்டாம். மேலே உள்ள கிளென் கேன்யன் அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர், கோடையிலும் உடம்பு விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும், இழுப்பும் அதிகம். வெயிலில் வெந்து வந்து அதில் இறங்கி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். பிரைட் ஏஞ்சல் ஓடையில் முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மழைக்கால மேகம் தெரிந்தால் அதிலும் வேண்டாம்.

ஹவாசுபாய் அருவிக்குப் போகிறோம். அங்கேயும் இதே கணக்கா?

பெயர் ஒன்று போல இருந்தாலும் அது வேறு இடம். ஹவாசுபாய் பழங்குடி மக்களின் சொந்த நிலம், தேசியப் பூங்கா பெர்மிட் அங்கே செல்லாது, அவர்களிடம்தான் வாங்கவேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்ப அனுமதி இல்லை. தங்கும் விடுதி சுபாய் கிராமத்துக்குள் இருக்கிறது, 8 மைல் நடை. முகாம் இன்னும் 2 மைல் தள்ளி, அருவிகளை ஒட்டி. அங்கே நான் யோசிக்காமல் கூடாரத்தைச் சொல்வேன். விடுதியில் தங்கினால் அருவியைப் பார்க்கப் போவதும் வருவதுமே தினமும் ஒரு தனி நடையாகிவிடும்.

எல்லாம் பதிந்த பிறகு கடைசி நேரத்தில் மூடிவிட்டால்?

நடக்கக்கூடியதுதான். பள்ளத்தாக்கு வழியாகத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் பழையது, அடிக்கடி உடையும். 2025 ஜூலையில் வடக்கு விளிம்பில் பரவிய காட்டுத்தீயில் கிராண்ட் கேன்யன் லாட்ஜ் எரிந்து போனது, பள்ளத்தாக்குக்குள் இருந்தவர்களையும் வெளியேற்றவேண்டியதாயிற்று. கிளம்புகிற வாரமும் கிளம்புகிற நாளும் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். தெற்கு கைபாப் பாதையில் எப்போதுமே தண்ணீர் கிடையாது, இறங்கும்போது முழுக்கச் சுமந்துதான் போகவேண்டும்.

ஏறும் நாளில் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும்?

கேபினில் தங்கினால் முதல் பந்திக் காலை உணவைப் பதியுங்கள். இரண்டாவது பந்தி என்றால் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். கூடாரத்தில் தங்கினால் காலை உணவை விட்டுவிட்டு, பிஸ்கட்டும் கடலையும் வைத்துச் சமாளித்துக் கிளம்பலாம். ஆனால் இருட்டில் கூடாரத்தை மடித்துப் பையில் திணிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அதையும் கணக்கில் சேர்த்து அலாரம் வையுங்கள். முந்தின இரவே பாட்டில்களை நிரப்பி, அன்று போடும் காலுறையை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டும் விளக்கோடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, எதிர்ச் சுவரில் உங்களுக்கு முன்னால் கிளம்பியவர்களின் விளக்குகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஏறிக்கொண்டிருக்கும்.